ஏழாவது குழி

இட்டுக்கட்டின கதை என்று நினைப்பவர்கள் விஜயகுமாரியிடமே போய்க் கேட்டுக்கொள்ளலாம். பேய் என்றாலே சிரிக்கிறவள் அவள். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டாள்.

1983, ஐப்பசி. நெய்வேலியில் ஒரு காண்ட்ராக்டரின் பழைய குடோனில் வௌவால் எச்சத்தை வாரிக் கொட்டிய ஐந்து பேருக்கு விடாத காய்ச்சல், இருமல். டி.பி. மாத்திரை எதற்கும் கேட்கவில்லை. டாக்டர் கருணாகரனுக்குப் பூஞ்சைக் காளான் மேல் சந்தேகம். நோய் அதுதான் என்று உறுதியானால்தான் மருந்தை மாற்ற முடியும். இல்லாவிட்டால் ஐந்து பேரும் போய்ச் சேரவேண்டியதுதான்.

சோதிக்கிற வேலை விஜயகுமாரியின் தலையில் விழுந்தது. காலி குவார்ட்டர்ஸ் ஒன்றுதான் லேப். அவள் ஒருத்திதான் டெக்னீஷியன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியும் வாய்விட்டுப் பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றாலே அழுகை வரும். அதனால் அன்றும் லேபுக்கே வந்துவிடுவாள்.

சோதனை இதுதான். தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்த அகர். நடுக் குழியில் பூஞ்சையின் சாறு. சுற்றி ஆறு குழிகள். ஐந்தில் நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம், ஆறாவதில் வெறும் உப்புத்தண்ணீர். நோய் இருந்தால் அந்தக் குழிக்கு எதிரே வெள்ளைக் கோடு விழும். உப்புத்தண்ணீருக்கு விழவே கூடாது. விழுந்தால் மொத்த சோதனையும் செல்லாது.

ஞாயிறு மத்தியானம் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆறு கோடுகள்.

உப்புத்தண்ணீருக்கும்.

தன்னையே திட்டிக்கொண்டு புதுத் தட்டு எடுத்தாள். அப்போது... வாசலில் இருமல்.

ஒல்லியான ஆள். தலையெல்லாம் தூசி.

"எனக்கு ரத்தம் எடுக்கலீங்களா?"

"நீங்க யாரு?"

"தனகோட்டிங்க. குடோன்ல வேல பாத்துகினு இருந்தேன்."

"டாக்டர் சீட்டு வேணுமே. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு முடியாதுங்க."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்குப் பாவமாக இருந்தது. ஊசியை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

பெஞ்ச் காலி.

வெளியே ஓடிப் பார்த்தாள். நீளத் தெரு. ஒரு நாய்கூட இல்லை.

இருமல் மட்டும்... லேபுக்குள்ளே கேட்டது.

ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் ஐந்து பேர் உயிர். உள்ளே போய், காலி பெஞ்சைப் பார்த்தே சொன்னாள்.

"உங்களுக்கும் ஒண்ணு போடுறேன். உப்புத்தண்ணிக் குழிய மட்டும் விட்டுருங்க."

இருமல் நின்றது.

புதுத் தட்டில் ஏழாவதாக ஒரு குழி வெட்டினாள். அதில் எதையும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரும் கூட நின்று பார்த்தார். ஐந்து பேருக்கும் கோடு. உப்புத்தண்ணீர் சுத்தம். ஏழாவதில்... எல்லாவற்றையும்விடத் தடித்த கோடு.

"இது யார் சீரம்?"

"வெறும் குழி சார்."

டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

அவர்களில் கண்ணையன் என்பவனிடம்தான் பிறகு அவள் தனகோட்டியைப் பற்றி விசாரித்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"எங்களுக்கு முன்ன அந்தக் குடோன்ல எறங்குனவருங்க. ஆடியிலயே பூட்டாரு. சேத்தியாத்தோப்புல எரிச்சாச்சு. 'ரத்தம் எடுத்துப் பாருங்க, ரத்தம் எடுத்துப் பாருங்க'ன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாராம். ஒண்டி ஆளுங்க. கேக்கறதுக்குப் பக்கத்துல யாரும் இல்ல."