வாயைத் திறக்காத சித்தி

என் சித்தி வெள்ளைக்காரி. இங்கிலாந்துக்குப் படிக்கப் போன சித்தப்பா அங்கேயே கட்டிக்கொண்டு, அங்கேயே குடித்தனமும் வைத்துவிட்டார். எனக்குப் பத்து வயதான வருஷம் இருவரும் விடுமுறைக்கு வந்தபோது நாங்கள் தலைக்குமேல் கூரை தேடிக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை. மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டம் கைமாறி, மாதக் கடைசிக்குள் தொழிலாளர் லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருந்தது, வீடு கிடைக்கவில்லை. ஃபோனில் அம்மாவின் பெயரைச் சொன்னதுமே எல்லா வீட்டுக்கும் வேறு ஆள் வந்துவிட்டிருக்கும். என்ன மாயமோ!

சித்தி கொதித்துப் போனார். அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். இந்தியர்களுக்குத் தருவதில்லை என்று சொன்ன வீட்டுக்காரியைத் தெருவே கூடும்படி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். எனக்கு விசில் அடிக்காத குறைதான். ஆனால் அதே தெருவில் காலியாயிருந்த இன்னும் இரண்டு வீடும் கைவிட்டுப் போயின. மூன்றாம் நாள் அம்மா சித்தப்பாவிடம் வெடித்தார்.

"அவங்க சண்ட போட்டுட்டு ப்ளேன் ஏறிடுவாங்க லா. நான்தானே இங்க கெடக்கணும்? எனக்கு வீடு வேணும்."

சித்தப்பா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் சித்தியின் முகம் சிவந்தது. அரைகுறைத் தமிழில், "நான் என்ன செய்யணும், அக்கா?" என்றார்.

"கூட வாங்க. வாயத் தொறக்காதீங்க. பாதியில போயிடாதீங்க."

அடுத்த வீட்டுக்காரர், அம்மா மலாயில் கேட்டதற்கெல்லாம் சித்தியைப் பார்த்து ஆங்கிலத்தில் பதில் சொன்னார். சித்தி ஒவ்வொரு தடவையும் அம்மா பக்கம் திரும்பி நின்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திட்டுங்களேன், திட்டித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் துடித்தேன். கடைசியில் அவர் சித்தி பக்கம் குனிந்து, நீங்கள் குடியிருந்தால் தருகிறேன், இவர்கள் என்றால் முடியாது, மசாலா வாடை போகவே போகாது என்றார்.

சித்தி அம்மாவைப் பார்த்தார். அம்மா சரியென்று தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் சித்தி வாயைத் திறந்தார்: வீடு இவருக்கு, இவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அம்மா ஓரடி முன்னால் வந்து, சொல்லுங்கள் என்றார். மனுஷர் கூரையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். அம்மா நகரவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று முனகிக்கொண்டே சாவியை அம்மா கையில் வைத்தார். சே, இவ்வளவுதானா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனாலும் புதுப் பள்ளியில், வெள்ளைக்காரச் சித்தி வாங்கிக் கொடுத்த வீடு என்று அளந்துவிட்டேன். ஊருக்குக் கிளம்பும்போது அதைக் கேட்ட சித்தி, "இல்ல. உங்க அம்மா" என்றார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் ஏழு வருஷம், மாதம் தவறாமல் வந்து மூக்கை விடைத்து மோப்பம் பிடித்த அந்த மனுஷர் முன்னால் அம்மா தனியாக நின்றார். அவர் வரும் நாளெல்லாம் நான் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்: சித்தி எப்போது வருவார்?