கழலாத லென்ஸ்

பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த மாமா புதுக் கேமரா ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் அம்மாவின் தம்பி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அப்படியொரு கேமராவை யாரும் பார்த்ததில்லை. அதற்கு இரண்டு லென்ஸ்கள். கிட்டத்தில் எடுக்கக் குட்டையாக ஒன்று, தூரத்தில் எடுக்க நீளமாக ஒன்று. ரயிலில் வரும்போது மலைகளை எடுப்பதற்காக நீளமானதை மாட்டியிருக்கிறார். புதுசு என்பதால் மரை இறுக்கமாக இருந்ததாம். பலம் கொடுத்துத் திருகி ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்து கழற்றப் பார்த்தால் அசையவில்லை.

அம்மா உள்ளறையில் கட்டிலில் கிடந்தாள். சேலத்து ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பினால் குணமாகிவிட்டது என்றுதானே அர்த்தம் என்று நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்குப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது; கல்யாணத்திலும் எடுக்கவில்லை.

"புள்ள என்னைய மறக்காம இருக்க ஒரு போட்டோ எடுத்துக் குடுடா" என்று தம்பியிடம் கேட்டாள். பக்கத்திலேயே இருப்பவளை எப்படி மறப்பேன் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமா சுவரோடு ஒட்டி நின்று பார்த்தார். எனக்கும் காட்டினார். சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு அம்மாக்கள் தெரிந்தார்கள், ஒருத்திமேல் ஒருத்தி சரிந்தபடி. இரண்டு பேரும் ஒன்றானால்தான் படம் தெளிவாக விழுமாம். அந்த நீள லென்ஸுக்கு எங்கள் அறையின் தூரம் போதவில்லை. அவர்கள் ஒன்றாகவே இல்லை.

அப்பா கேமராவைக் கையில் வாங்கினார். கிணற்று மோட்டாரில் துருப்பிடித்த நட்டுகளையெல்லாம் கழற்றியவர். விளக்கெண்ணெய் கேட்டார். "எண்ண பட்டா உள்ள எறங்கிரும், கண்ணாடியே கெட்டுரும் மாமா" என்று மாமா பதறினார். அப்பா பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி லென்ஸில் சுற்றி, கேமராவைத் தொடைகளுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முறுக்கினார். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம்.

"பட்டாளத்துல துப்பாக்கியவே கழட்டி மாட்டுறியாம். இந்த டப்பாவக் கழட்ட முடியலையா?" என்றாள் அப்பாவின் அக்காவான அத்தை. அம்மா மட்டும் சிரித்தாள்.

"கட்டிலோட வாசலுக்குத் தூக்கிட்டுப் போனா எடுத்துரலாங்க" என்றார் மாமா.

அத்தையின் முகம் மாறிவிட்டது. "உசுரோட இருக்கறவளக் கட்டிலோட வெளிய தூக்குவாங்களா? வூட்டுக்கு ஆவாது, சொல்லிட்டேன்." எங்கள் பக்கம் செத்தவர்களைத்தான் அப்படிக் கொண்டுபோவார்கள்.

மறுபடி முறுக்கினார்கள். அப்பா கேமராவைப் பிடித்துக்கொள்ள, மாமா லென்ஸைத் திருகினார். கடைசியில் "வராது மாமா, வுடுங்க" என்று சொல்லிவிட்டு மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யாரும் தூக்க வேணாம். நானே நடக்கறேன்" என்றாள் அம்மா.

சுவரைத் தடவித் தடவி நடந்தாள். தாங்கிப்பிடிக்கப் போன அப்பாவை, "நவுருங்க, போட்டோல நீங்களும் வுழுந்துருவீங்க" என்று விலக்கினாள். மாட்டுக்கொட்டகைக் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். மாமா பின்னால் போய்க்கொண்டே இருந்தார், இரண்டு அக்காவும் ஒன்றாகிற தூரம் வரைக்கும். கேமரா 'டிக்' என்றது. அம்மாவின் முழங்கால்கள் மடங்கின. அப்பா ஓடிப்போய் அவளைக் கையில் ஏந்தி உள்ளே கொண்டுபோனார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

அந்த ஒரு படம்தான் இருக்கிறது. பார்க்கிறவர்கள், "உங்கம்மா நல்ல தெடமான ஆளுதான் போல" என்கிறார்கள்.

ஆட்களைக் கண்டாலே ஒளிகிற நான் அன்று தெருவெல்லாம் ஓடி, எங்கம்மா எழுந்து நடந்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. சாயங்காலம் மாமா கேமராவை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் திருகிக்கொண்டிருந்தார். அது கழன்றுவிடக் கூடாது சாமி என்று நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். கழலாமல் இருந்தால் அம்மா நாளைக்கும் நடப்பாள் அல்லவா?