வீடு பார்க்க வந்தவர்

மனைவியின் சமாதியில் சூடம் கொளுத்த ரவாங்கிலிருந்து கோல சிலாங்கூர் வந்து சேர்வதற்குள் நாராயணசாமிக்கு உயிர் போய்த் திரும்பிவிடும். போகிற பாதைக்கு டோல். பள்ளமும் மேடுமான ரோட்டில் ஓட வருஷா வருஷம் ரோட் டேக்ஸ். வழியில் இறங்கித் தேத்தண்ணி குடித்தால் பில்லின் அடியில் அதற்கும் ஒரு வரி. செத்தவர்களுக்குத்தான் இன்னும் போடவில்லை, மறந்திருப்பார்கள். இதையெல்லாம் அவர் திட்டித் தீர்த்த காலம் உண்டு. அப்போது கேட்டுச் சிரிக்கப் பக்கத்து சீட்டில் அமராவதி இருந்தாள். இப்போது டோலில் அட்டையைத் தட்டுகிறார், கம்பு தூக்குகிறது, போகிறார். கோபம்கூட வருவதில்லை.

அமராவதி புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் கிடக்கிற தோட்டத்து இடுகாட்டிலேயே தன்னையும் புதைக்கச் சொன்னாள், புதைத்தார்கள். பிறகு தோட்டம் ஒரு வீடு கட்டும் கம்பெனிக்குக் கைமாறியது. தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் எழும்பின. சமாதிகளையும் சேர்த்துத்தான் கம்பெனி வாங்கியதா என்று யாரும் சொல்லவில்லை. இந்த வருஷத் திதிக்கு வந்தால் செம்மண் பாதைக்குக் குறுக்கே கேட்.

காவலுக்கு நின்ற நேப்பாளி தன்மையாகத்தான் மலாயில் கேட்டான், யாரைப் பார்க்க வேண்டும் என்று. மனைவியை என்றார். எந்த நம்பர் வீடு? வீடில்லை, அந்தக் கோடியில் இருக்கிறாள். அப்படியானால் அந்த அம்மா தன் போனிலிருந்து அனுமதி தர வேண்டுமாம், கம்பெனியின் ஆப் அப்படி. உயிரோடு இருந்தபோதே போனை எடுக்காதவள்! விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் வாடிவிட்டது. பாவம், அவன் பிழைப்பு அவனுக்கு. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னான்: வீடு பார்க்க வருகிறவர்களை மட்டும் கேள்வி கேட்காமல் விடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, நாராயணசாமி வீடு வாங்க வந்தவரானார். வீடு விற்கும் வேலையில் இருந்த துளசி நம்ம தமிழ்ப் பெண்தான். பேட்டரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சமையலறையைக் காட்டினாள், குளியலறையைக் காட்டினாள். அவர் கோடி வீடுதான் வேண்டும் என்றார். பின்பக்கம் ஒரே புதர் என்று தயங்கினாள். பரவாயில்லை என்றார்.

"எப்ப குடி வர்றதா ஐடியா, அங்கிள்?"

"அவ முன்னாலயே வந்துட்டாம்மா," என்று புதர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

துளசி வண்டியை நிறுத்தினாள். அவர் லாலான் புல்லை விலக்கிக்கொண்டு போய், கடையில் பையில் கட்டி வாங்கிய கோப்பியைத் தலைமாட்டில் வைத்து, சூடம் ஏற்றினார். அழுகை வரும் என்று நினைத்திருந்தார், வரவில்லை. பின்னால் வந்த துளசிதான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

திரும்பி வரும்போது, எல்லா வீடும் விற்று முடிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டார்.

"ஃபாஸ்ட் செல்லிங் லா அங்கிள். வருஷக் கடைசிக்குள்ள முடிஞ்சிரும்."

பழக்கதோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் துளசிக்கு விளங்கியது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப அடுத்த திதிக்கு நான் பாக்க வீடு இருக்காது," என்றார் நாராயணசாமி.