ஈரத்துண்டு சுற்றிய பெட்டி

தேவதானப்பட்டித் திருவிழாவில் எங்கள் இன்னிசைக் குழுவுக்குக் கிட்டார் வாசிக்க வந்தவரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒல்லியான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. காலடியில் இரண்டு தகரப் பெட்டிகள். கிட்டார் சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்க வைக்கும் ஃபஸ் பெடல்கள் அவை. பழைய சர்க்யூட்டுகளைப் பார்த்து அவரே செய்தவை. ஒன்றில் சிலிக்கான் டிரான்சிஸ்டர், மற்றதில் பழைய ரேடியோவில் கழற்றிய ஜெர்மானியம். ஜெர்மானியம் சூடு தாங்காது என்று ஈரத்துண்டு சுற்றியிருந்தார்.

அவர் சிலிக்கானை மிதித்து ஒரு வரி வாசித்ததும், குழாய் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதென்று மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதைக் கட்டியிருந்த வேப்பமரத்தில் ஏறினார். கமிட்டித் தலைவர் மேடைக்கே வந்துவிட்டார்.

"குழாயில ஒண்ணுமில்லங்க. இது ரம்பமா அறுக்கும். இன்னொண்ணு தொண்டை கட்டுனவன் பாடுற மாதிரி இருக்கும்," என்றார் கிட்டார்காரர்.

"சனங்க பாட்டுக் கேக்க வந்தாகளா, ரம்பம் கேக்க வந்தாகளா? இன்னொருக்கா கரகரன்னுச்சு, மேடைய விட்டு எறங்கிக்கிறணும்."

ஆம்ப்ளிஃபயர் மறுபடி உயிர் பெற்றது. அவர் தலைவரையே பார்த்தபடி ஈரத்துண்டை விலக்கினார். ஜெர்மானியத்தை மிதித்து, அதே வரியை நிதானமாக வாசித்து முடித்து, வயரைத் தானே பிடுங்கினார்.

"எறங்கிக்கிறேன். ரெண்டுல எது நல்லாருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

தலைவர் திட்டத்தான் வாயைத் திறந்தார். "பின்னாடி வாசிச்சது," என்று வந்துவிட்டது.

அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மீதிப் பாட்டுகளுக்குக் கிட்டார் பகுதியையும் நானே கீபோர்டில் வாசித்தேன், கரகரப்பே இல்லாமல். யாரும் என்னை இறங்கச் சொல்லவில்லை. எப்படி இருந்தது என்று கேட்கத்தான் எனக்குத் துணிவு வரவில்லை.