குண்டாத் தண்ணீரும் ஆறு கம்மல்களும்

அந்த அலுமினியக் குண்டாவின் விளிம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு நெளிசல் இருக்கிறது. அதை உண்டாக்கியவள் என் அக்கா. காரணம் நான். குறி என் தலைக்குத்தான் வைக்கப்பட்டது. நான் குனிந்துவிட்டதால் கதவு நிலை வாங்கிக்கொண்டது. வாழ்க்கையில் சரியான நேரத்தில் நான் செய்த காரியங்களை எண்ணச் சொன்னால், முதலாவதாக அந்தக் குனிதலைச் சொல்வேன். இரண்டாவது இன்னும் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில் அக்கா ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூருக்கு நர்ஸாக இருந்தாள். பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல், பேதி எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான். குடியிருக்க ஓர் ஓட்டு வீடு. ஆறு வயதில் மகள், மூன்று வயதில் மகன். மாமாவுக்குக் கீழே போளூரில் வேலை. சனிக்கிழமை பஸ் ஏறி வருவார், ஞாயிற்றுக்கிழமை இறங்கிவிடுவார். நான் சமவெளியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அட்டெண்டர். பாட்டில்களைத் துடைப்பது, தவளைகளை எண்ணுவது, பேராசிரியருக்குக் கோபம் வரும்போது எதிரில் நிற்பது ஆகியவை என் பொறுப்புகள்.

எங்கள் துறையில் ஆக்ஸலாட்டில் என்று ஒரு பிராணி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்துபோன யாரோ ஒருவர் கொடுத்த முட்டைகளில் மிஞ்சிய ஒரே உயிர். ஒரு சாண் நீளம், வெளுத்த உடம்பு, நான்கு குட்டைக் கால்கள், எதற்காகவோ சிரிப்பது போன்ற வாய். கழுத்தின் இரு பக்கமும் மூன்று மூன்றாகச் சிவந்த இறகுகள் ஆடிக்கொண்டிருக்கும். அவைதாம் அதன் செவுள்கள். தலைப்பிரட்டை வளர்ந்து தவளையாவது போல அதுவும் வளர்ந்து கரையேற வேண்டியதுதான், ஆனால் ஏறாது. பெரிதாகும், வயதாகும், கடைசிவரை குழந்தையாகவே தண்ணீரில் கிடக்கும். எனக்கு அதன் மேல் ஒரு பாசம் வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. என் அம்மாவும் என்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் வந்தது. அது குளிர்ந்த தண்ணீரில் வாழும் பிராணி, எங்கள் ஊர் வெயிலைத் தாங்காது. பேராசிரியர் செத்த பிராணிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் பாட்டிலைக் காட்டி, லீவு விடுவதற்குள் காரியத்தை முடிக்கச் சொன்னார். நான் இரண்டு நாள் அந்தப் பாட்டிலையே துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவர், "எங்கேயாவது கொண்டுபோய்த் தொலை, நான் பார்க்கவில்லை" என்றார். குளிர்ந்த இடம் என்றால் எனக்குத் தெரிந்தது அக்கா வீடுதான். பெரிய தூக்குச்சட்டியில் பிராணியும், சாக்கில் சுற்றிய கண்ணாடித் தொட்டியுமாக மலை பஸ் ஏறினேன். சட்டியில் இன்னா என்று கண்டக்டர் கேட்டார். ரசம் என்றேன். வளைவுகளில் ரசம் தானாக எம்பிக் குதித்தது. அவர் அதற்கப்புறம் என் பக்கமே வரவில்லை.

அக்கா மூடியைத் திறந்து பார்த்தாள். "இன்னாடா இது, பல்லியாட்டம்?" என்றாள். அவள் வேறெதுவும் சொல்வதற்குள் மகள் எட்டிப் பார்த்து, "அம்மா, கம்மல் போட்டுனு கீதும்மா! இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு!" என்று கூவினாள். அதோடு பெயரும் முடிவாயிற்று, தங்கும் அனுமதியும் முடிவாயிற்று.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்மல் பிழைப்பது சாதாரணமில்லை. முதல் நாளே சின்னவன் அதற்கு ஒரு வாய் தயிர்ச்சோறு ஊட்டினான். மறுநாள் அதற்குக் குளிருமே என்று தன் சட்டையைத் தொட்டிக்குள் போட்டான். அக்கா சட்டம் போட்டாள். பார்க்கலாம், தொடக்கூடாது. மண்புழு தோண்டுவது அக்காள் தம்பி இருவரும், போடுவது பெரியவள் மட்டும். தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வதும் தண்ணீர் மாற்றுவதும் மாமா. அந்த மாமா நான். வீட்டிலேயே பொறுப்பில்லாத ஆளுக்குப் பொறுப்பான வேலை போனது.

அந்த ஊருக்குக் குடிக்க ஒரே கிணறு. போன கோடையில் பேதி வந்து ஒரு குழந்தை இறந்திருந்தது. அதனால் அந்த வருடம் அக்கா வாரம் தவறாமல் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினாள். ஊர்ப் பெண்களுக்கு அந்த வாடை பிடிக்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, கெஞ்சி, அதட்டி, அப்போதுதான் குடிக்கப் பழக்கியிருந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பவுடர் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் அதே கிணற்றில் இரண்டு குடம் இறைத்து, சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே தொட்டியை நிரப்பினேன்.

நண்பகலுக்குள் கம்மல் தொட்டியின் ஓரங்களில் முட்டத் தொடங்கியது. சிவந்திருந்த இறகுகள் வெளுத்துச் சுருங்கின. சனிக்கிழமை அவற்றின் நுனிகள் உதிர்ந்து அடியில் கிடந்தன. பெரியவள் அழவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "செத்துடுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். "சாவாது. நான் கீறேன் இல்ல?" என்றாள் அக்கா. குழந்தைகளுக்குச் சும்மா வாக்குக் கொடுப்பவள் அல்ல அவள். ஊசி வலிக்கும் என்றால் வலிக்கும் என்றே சொல்லிக் குத்துவாள்.

மருந்து வாடைதான் காரணம் என்று அவளே கண்டுபிடித்தாள். தினமும் ஒரு மைல் நடந்து காட்டுச் சுனையிலிருந்து ஒரு குடம் கொண்டுவர உத்தரவிட்டாள். கொண்டுவந்தேன். கம்மல் மூச்சு வாங்காமல் படுத்தது. அத்தோடு நின்றிருந்தால் என் பெயர் கெட்டிருக்காது. சுனைத் தண்ணீர் தேனாக இருந்தது, நானும் அங்கேயே குனிந்து வயிறு முட்டக் குடித்துவந்தேன். விறகுக்குப் போன பெண்கள் இரண்டையும் பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஊர்க்கவுண்டர் மனைவி நாலைந்து பேரோடு வாசலுக்கு வந்தார். அவர் சொல்லைத் தாண்டி ஊரில் ஒரு குடம் அசையாது.

"இன்னா நர்சம்மா, உங்க வூட்டுப் பல்லிக்கு ஆவாத தண்ணிய எங்க புள்ளைங்க குடிக்கணுமா?"

"அது பல்லி இல்லக்கா."

"எதுவா இருந்தா இன்னா? அதுக்குச் சுனைத் தண்ணி, உங்க தம்பிக்கும் சுனைத் தண்ணி. எங்களுக்கு மட்டும் மருந்துத் தண்ணியா? இனிமே கெணத்துல அந்தத் தூளக் கொட்டாதீங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என் முதுகு அறியும். ஒரு வருட உழைப்பை நான் நாலு மிடறில் குடித்துத் தீர்த்திருந்தேன். கிணற்றில் மருந்து போடுவது நின்றுபோனால் பேதி வரும். போன கோடையில் இறந்த குழந்தையைக் கையில் வைத்திருந்தவள் அவள்.

அவர்கள் போனதும், "காலேஜில அதுக்குக் கொழாத் தண்ணிதானே? அதுலயும் மருந்து போடுவாங்களே. எப்படிடா உயிரோட இருந்திச்சி?" என்று கேட்டாள். நான் யோசித்தேன். "தொட்டியில புடிச்சி வெயில்ல ஒரு நாள் தொறந்து வெப்பேன். மறுநாள்தான் ஊத்துவேன்." "யாரு வெக்கச் சொன்னது?" "பேராசிரியரு. மூணு வருஷமா நான்தானே வெக்கிறேன்." "எதுக்குன்னு கேட்டியா?" "தண்ணி சூடு ஆறுறதுக்குன்னு நெனச்சேன்." தண்ணீரை வெயிலில் வைத்து ஆற வைத்த உலகின் முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். வாடை பறந்துபோக வைத்திருக்கிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்த அந்த நொடியில்தான் குண்டா பறந்தது.

பிறகு அதே குண்டாவை எடுத்துத் துடைத்து, கிணற்றுத் தண்ணீரை நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்தாள். இரண்டு நாள் வைத்தாள். ஒவ்வொரு வேளையும் மூக்கை வைத்து முகர்ந்தாள். மூன்றாம் நாள் காலை அவளே போய்க் கவுண்டர் மனைவியையும் மற்றவர்களையும் கூப்பிட்டு வந்தாள். நான் அவளைத் தனியே இழுத்து, "அவங்க கண்ணு முன்னாடி செத்துட்டா?" என்றேன். "செத்தா ரெண்டும் போச்சு. அதுக்காவ ஊத்தாம இருந்தா மட்டும் கெணத்துல மருந்து போட வுடுவாங்களா?" என்றாள்.

எல்லோர் முன்னிலையிலும் தொட்டியின் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுக் குண்டாத் தண்ணீரை ஊற்றினாள். இருபது கண்கள் தொட்டியைப் பார்த்தன. கம்மலுக்குத் தெரிந்த ஒரே வித்தை சும்மா கிடப்பது, அதை அன்று மிகச் சிறப்பாகச் செய்தது. அசையவே இல்லை. கால்மணி நேரம் போயிருக்கும். "முடிஞ்சிச்சா?" என்றார் ஒருவர். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியவள் யாரையும் கேட்காமல் ஒரு புழுவை எடுத்துப் போட்டாள். லபக்கென்று ஒரு சத்தம். புழு இல்லை.

"சரி, திங்குது," என்றார் கவுண்டர் மனைவி. "அப்ப மொதல்ல ஏன் சுருண்டுச்சி?"

"அது அந்தத் தண்ணியிலயே மூச்சு வுடுதுக்கா, நாம குடிக்கத்தானே செய்றோம். மொளகாத்தூளு வாய்க்கு ருசி, கண்ணுல பட்டா?"

அந்த அம்மாள் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீ குடி, நாங்க பாக்குறோம். கெணத்துலேருந்து எடுத்து," என்றார். அக்கா புதிதாக இறைத்து ஒரு சொம்பு குடித்தாள். பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். மூன்றாவதாக என் பக்கம் நீட்டினாள். "தம்பிக்கு ரெண்டு சொம்பு," என்றார் கவுண்டர் மனைவி. பெண்கள் சிரித்தார்கள். நான் இரண்டையும் மூச்சுவிடாமல் குடித்தேன். அந்தக் கோடை முழுவதும் தினமும் காலையில் கிணற்றடியில் ஊர் பார்க்கக் குடித்தேன். அந்த வருடம் பேதியில் ஒரு குழந்தையும் சாகவில்லை.

கம்மலின் இறகுகள் திரும்ப முளைத்தன. முதலில் அரிசி முனை போல, பிறகு சாமைக்கதிர் போல. ஆறும் வந்த அன்று பெரியவள் ஊரெல்லாம் ஓடிச் சொன்னாள். லீவு முடிந்தும் கல்லூரியில் யாரும் அதைக் கேட்கவில்லை, அக்காவும் கொடுப்பதாக இல்லை. இன்னும் ஐந்து வருடம் அந்த வீட்டில் அது ஒரு வேலையும் செய்யாமல் சிரித்துக்கொண்டு கிடந்தது.

அக்கா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் சென்னையில் அந்தப் பெரியவளின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்கு இப்போது பேரன் இருக்கிறான். கூடத்தில் விளக்குப் போட்ட மீன் தொட்டி. உள்ளே கடையில் வாங்கிய ஆக்ஸலாட்டில் ஒன்று, அதே சிரிப்போடு. தண்ணீர் குறைந்திருப்பதாக எனக்குப் பட்டது. பால்கனி வெயிலில் ஒரு குண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. உதவலாமே என்று போய் அதன் விளிம்பைப் பிடித்தேன். கட்டைவிரல் நெளிசலுக்குள் போய் உட்கார்ந்தது.

"மாமா, கைய எடுங்க! அது இன்னைக்குப் புடிச்ச தண்ணி!"

குரல் அப்படியே அக்காவுடையது. கையை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று தலையையும் குனிந்துகொண்டேன்.