எது வடிவு?

நகைக்கடைக்காரர் கொடுத்த புதுவருட நாட்காட்டியை இன்று காலை விரித்தேன். குப்பென்று மை வாசம். படத்தில் ஒரு லட்சுமி. கன்னம் இரண்டும் ரோஜா நிறம், கழுத்து கொள்ளாமல் தங்கம். கடைச்சரக்கு முழுவதையும் அவளுக்கே மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ஆணி தேடி நின்றவள் ஆணியை மறந்து, மலாயாவில், ஜொகூரின் வடகோடியில் இருக்கிற சிகாமட்டுக்குப் போய்விட்டேன். உங்களுக்கு அவசர வேலை ஏதுமில்லை என்றால் கூடவே வாருங்கள்.

யுத்தத்துக்கு முந்திய முப்பதுகள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி, சிகாமட் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்து இறங்கினேன். பெட்டியில் நாலு சேலை, ஒரு குடை. தலைக்குள் இருந்த கனம்தான் அதிகம். ஊர் மிஷன் பாடசாலையில் லத்தீன் வேறு படித்தவளாயிற்றே! ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் போதாது, நல்ல பாட்டு எது, நல்ல படம் எது என்று இனங்காணவும் தெரியவேண்டும், அழகை ரசிக்கத் தெரியாதவனுக்கு ஆண்டவரைத் துதிக்கவும் பாதிதான் வரும் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பேசுவேன். பள்ளியை நடத்திய பாதிரியார், என் வாய்க்குப் பயந்தோ என்னவோ, வெள்ளிக்கிழமைகளில் கடைசி வகுப்பை என்னிடம் விட்டுவிட்டார்.

முதல் வெள்ளியன்று கரும்பலகையில் மூன்று லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வேரும், போனும், புல்க்ரும். உண்மை, நன்மை, அழகு. பழைய கிறிஸ்தவக் கல்வி முழுவதும் இந்த மூன்றின் மேல்தான் நின்றது. "போனும்" என்று உரக்க வாசித்ததுதான் தாமதம், கடைசி பெஞ்சுப் பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"எங்க எழும்பிறியள்?"

"நீங்கதானே டீச்சர் போணும்னீங்க!"

அதற்குச் சிரித்து முடிவதற்குள் அடுத்தது. இரண்டு படங்களைத் தூக்கிப் பிடித்து, "பிள்ளையள், இதில எது வடிவு?" என்றேன். முன்வரிசையில் ஒரு மெலிந்த பெண் எழுந்து நின்றாள்.

"நாந்தான் டீச்சர்."

என்ன ஒரு கர்வம் என்று நினைத்தேன். "உன்னைக் கேக்கேல்ல, இரு பிள்ளை. எது வடிவு?" மறுபடியும் எழுந்தாள், இந்த முறை கண் கலங்கி. வகுப்பே சேர்ந்து கத்தியது: "டீச்சர், அவ பேருதான் வடிவு!"

எங்கள் யாழ்ப்பாணத்தில் வடிவு என்றால் அழகு. தோட்டத்தில் வடிவு என்றால் வடிவுதான், பால்மரம் வெட்டும் முனியம்மாவின் மகள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு "அழகு" என்று சொல்லப் பழகினேன். ஆனாலும் வாய் தவறும், அவள் குறும்பாக எழுந்து நின்றுவிட்டு உட்காருவாள்.

அந்தப் பிள்ளைகள் மேல் ஒட்டுப்பால் வாசம் அடிக்கும். வெட்டிய மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பரை உரித்தெடுத்த கையோடு வருவார்கள். முதல் வாரம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் மாதம் அந்த வாசம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குச் சப்பென்று இருந்தன.

அடுத்த வருடம் முனியம்மா வந்து நின்றாள். "படிச்சு என்னா பண்ணப் போறா டீச்சர்? கங்காணிக்கிட்ட சொல்லிட்டேன். வர்ற மாசம் வேலைக்காட்டுக்குப் போயிருவா." பால்வெட்ட வேலைக்காட்டில் இறங்கிய பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் திரும்பி நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. ஜொகூர் பாருவில் இருந்த மிஷன் விடுதிப் பள்ளியின் தலைவி எங்களிடமிருந்து ஒரு பெண்ணைத் தெரிந்தெடுக்க வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் வடிவு தப்பித்தாள்.

வெள்ளைக்கார அம்மையார் வந்தார். நல்ல மேய்ப்பர் ஆட்டுக்குட்டியைத் தூக்கிச் செல்லும் படங்கள் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று தங்கமும் நீலமுமாக மின்னியது. மற்றது கறுப்பு மையில் சின்னதாக அச்சடித்தது. எது அழகு என்று வகுப்பைக் கேட்கும்படி என்னிடம் சொன்னார். எனக்கிருந்த படபடப்பில், ஒரு வருடம் பழகியதெல்லாம் காற்றில் பறந்தது. "எது வடிவு?"

கொல்லென்று சிரிப்பு. அம்மையார் முகம் சுளித்தார். வடிவு எழுந்தாள், ஆனால் உட்காரவில்லை.

"மொதல்ல கலர் படந்தான் டீச்சர் புடிச்சிச்சு. பாத்தேன், முடிஞ்சிருச்சு. கறுப்புப் படத்துல இன்னும் பாக்க இருக்கு."

"என்ன இருக்கு?"

"குட்டி பயந்துபோய் அவரு மூஞ்சியப் பாக்குது. அவரு குட்டியப் பாக்கல, வழியப் பாக்குறாரு. கால் வைக்கிற எடம் சறுக்குது."

ஐயோ, அந்த நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அம்மையாருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவள் நான். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அம்மையார் படத்தைக் கையிலெடுத்துப் பார்த்தார், பிறகு இந்தப் பெண்ணின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார்.

"புல்க்ரும்," என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதே வடிவைத்தான் எடுப்பார் என்று தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அந்தக் கறுப்புப் படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு ஓடினேன், உண்மையாகவே ஓடினேன். முனியம்மா விறகை இறக்கிவைத்துவிட்டுப் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "ஆமா, சறுக்குதுதான்," என்றாள். படத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "கங்காணிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். கூட்டிக்கிட்டுப் போங்க."

ஜொகூர் பாரு ரயில் வந்து நின்றபோது துணிமூட்டையை மகளிடம் கொடுக்கவே முனியம்மாவுக்கு மனமில்லை. பெட்டிப் படியில் நின்று வடிவுதான் அதை மெல்ல இழுத்துக்கொண்டாள். "அழாதம்மா," என்றவள் என்னைப் பார்த்தாள். "போனும்." நான் கரும்பலகையில் எழுதிய அதே போனும்! நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

பிறகு யுத்தம் வந்தது. விடுதிப் பள்ளி கலைந்தது, பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போனார்கள். வடிவைப் பற்றி நான் கேட்காத ஆளில்லை, ஒரு தகவலும் இல்லை. சிகாமட்டில் எங்கள் பள்ளி இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. லத்தீன் போயிற்று. அழகை வடிவு என்று சொல்லுகிறவர்களும் இந்தப் பக்கம் குறைந்துவிட்டார்கள்.

இன்று நாட்காட்டியை மாட்டிவிட்டு லட்சுமியை இரண்டாம் முறை பார்த்தேன். முடிந்துவிட்டது. பழைய வாய், சும்மா இருக்குமா? வெறும் வீட்டில் உரக்கக் கேட்டேன்: "எது வடிவு?"

யாரும் எழுந்து நிற்கவில்லை.