வீரையா அனுப்பிய படம்

ஆட்களை நம்புவது வீரையாவுக்கு ஒரு வியாதி. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்துக் கடைசிக் காம்பராவில் பிறந்தவன். படிப்பைப் பாதியில் விட்டு, கண்டிப் புடவைக் கடையில் மூட்டை தூக்கி, சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்து, லீசிங்கில் ஒரு ஆட்டோ எடுத்து, கட்டுகஸ்தோட்டையில் வீதியோர ஆட்டோ தரிப்பிடத்தில் ஓர் இடம் பிடிப்பதற்குள் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. அந்த இடம் சும்மா கிடைத்துவிடாது. அங்கே நிற்கிற சாரதிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் முகம் சுளித்தாலும் வெளியேதான். எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற மூத்த சாரதி ஷிஹாப்தான் அவனுக்காக வாய் திறந்தார். மற்றவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

தரிப்பிடத்தை ஒட்டியே மருந்துக்கடை. கடைக்காரன் நிரோஷன் வீரையாவின் லயத்துக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். நிரோஷன் படிப்பில் முன்னுக்கு வந்தான், வீரையா அதில் பெருமைப்பட்டான். சவாரிக்கு ஏறுகிறவர்களிடமெல்லாம் கடையைக் காட்டி, "நம்ம பயலோடதுங்க" என்பான். கேட்டவர்கள் கடையில் அவனுக்கும் பங்கு இருக்கிறதென்று நினைத்திருக்கலாம்.

நிரோஷன் செயலாளராயிருந்த வீதி அபிவிருத்திச் சங்கம், வீதியோரமாக நாட்டு மரங்கள் நடப் புறப்பட்டது. மருது, புங்கை, நாகமரம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நடுவதற்கு அவர்கள் காட்டிய இடம் ஆட்டோக்கள் நிற்கும் ஓரம்.

"மரம் வந்தா எங்கட எடம் போயிரும் தம்பி" என்றார் ஷிஹாப்.

"போகாது நானா. நிரோஷன் எங்கிட்ட சொல்லியிருக்கான். நிழலு நமக்குத்தான். நான் பொறுப்பு."

அந்த ஒரு சொல்லுக்காகச் சாரதிகள் நெருக்கி நின்று இடம் விட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சவாரியை விட்டுவிட்டு, அலவாங்கும் மண்வெட்டியுமாக அவர்களே குழியும் வெட்டினார்கள். கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரில் சொல்வார்கள். நிரோஷனுக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை.

கன்றுகள் நட்ட பிறகு வீரையாவைப் பிடிக்க முடியவில்லை. வெயில் காலத்தில் ஆட்டோவின் பின்சீற்றில் ஆட்கள் ஏறினார்களோ இல்லையோ, தண்ணீர்க் கேன்கள் ஏறின. துளிர் விட்டால் ஒரு படம், பூச்சி விழுந்தால் ஒரு படம், எல்லாம் வட்ஸ்அப்பில் நிரோஷனுக்குப் போகும். "பெத்த புள்ளைக்கு இத்தன படம் எடுத்தீங்களா?" என்று வீரையாவின் மனைவி சுதர்சினி கேட்டாள். அவன் சிரித்துச் சமாளித்தான்.

மருது ஆள் உயரத்தைத் தாண்டிய வருடம், ஒருநாள் இன்னொரு சாரதி கணேஸின் ஆட்டோவிலிருந்து எஞ்சின் ஒயில் ஒழுகி மரத்தின் அடியில் கறுப்பாகத் தேங்கிவிட்டது. வீரையா தன் சீற்றில் இருந்தபடியே படம் எடுத்து நிரோஷனுக்கு அனுப்பினான். "மச்சான், இந்த ஒயிலு வேருக்குக் கூடாதா? என்ன செய்யலாம்?"

"நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வந்தது.

அதற்குள் வீரையாவும் கணேஸுமே கறுத்த மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டுவிட்டார்கள். நிரோஷன் சொன்னபடி பார்த்துக்கொண்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. சாரதிகள் கழிவு ஒயில் ஊற்றி நாட்டு மரங்களை அழிக்கிறார்கள், தரிப்பிடத்தைச் சந்தைக்குப் பின்னால் மாற்ற வேண்டும் என்று சங்கம் மாநகர சபைக்கு முறைப்பாடு கொடுத்திருந்தது. சந்தைக்குப் பின்னால் நாய்கூடச் சவாரிக்கு வராது.

விசாரணை சங்க மண்டபத்தில் நடந்தது. மாநகர சபை அதிகாரி ஒரு படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினார். மருதமரம், அடியில் கறுப்பு ஒயில், பக்கத்தில் கணேஸின் ஆட்டோ. படத்தின் ஓரத்தில் இன்னொரு ஆட்டோவின் கைப்பிடியும், அதில் கட்டிய மஞ்சள் துணியும் தெரிந்தன. கதிர்காமத்துக்குப் போய்வந்து வீரையா கட்டியது அது. சாரதிகள் அத்தனை பேரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீரையா நிரோஷனைப் பார்த்தான். நிரோஷன் அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரையா எழுந்தான். "படம் நான் எடுத்ததுங்க. மரத்தக் காப்பாத்தத்தான் அனுப்புனேன். அன்னைக்கே மண்ண மாத்திட்டோம்."

"அப்ப ஒயில் கொட்டினது உண்மைதானே?" என்று கேட்டார் அதிகாரி.

"உண்மைதாங்க, ஆனா..."

"சாரதி ஒருத்தரே ஒத்துக்கிறார், எழுதிக்குங்க" என்றான் நிரோஷன்.

சாரதி ஒருத்தர்! ஒரே வாங்கில் இருந்தவனுக்குப் பெயர்கூட இல்லாமல் போய்விட்டது. கடை வாசலில் வாடிக்கையாளர்களின் கார்கள் நிற்க ஆட்டோக்கள் தடை, ஆட்டோக்களைக் கிளப்ப மரங்கள், மரங்களை வளர்க்க ஒரு மடையன். வீரையாவுக்கு எல்லாம் அந்த நொடியில் விளங்கியது. தரிப்பிடத்தை மாற்றச் சொல்லி அதிகாரி எழுந்துவிட்டார்.

வெளியே சாரதிகள் ஆட்டோக்களைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். வீரையா ஷிஹாபிடம் ஓடினான்.

"நானா, அவன் இப்புடிச் செய்வான்னு எனக்குத் தெரியாது நானா."

ஷிஹாப் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நாங்க நம்பின அவனயில்ல தம்பி, ஒன்ன" என்றார், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நிரோஷன் படியிறங்கி வந்து வீரையாவின் தோளில் கைபோட்டான். எல்லார் காதிலும் விழும்படியாகவே பேசினான்.

"கோவிக்காதடா. உன்ன விட்டுருவேனா? வீடுகளுக்கு மருந்து கொண்டுபோக ஒரு ஆட்டோ வேணும். கடை முன்னால, மரத்துக்குக் கீழ, நீ மட்டும் நின்னுக்க. அதிகாரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கணேஸ் காறித் துப்பினான். ஷிஹாப் ஆட்டோவைத் திருப்பினார். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இறக்கத்தில் இறங்கின.

வீரையா தோளில் கிடந்த கையைப் பிடித்துக் கீழே விட்டான்.

இத்தனை நாளும் "மச்சான்" என்றவன், "வேணாம் சேர்" என்றான்.

நிரோஷனுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இருக்கவில்லை. நிரோஷன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனவர்கள், வீரையா சொன்ன பதிலைக் கேட்க நிற்கவில்லை.